மைக்கேல் பாரடே

மைக்கேல் பாரடே (செப்டம்பர் 22, 1791 – ஆகஸ்ட் 25, 1867) இங்கிலாந்தைச் சேர்ந்த வேதியியலாளரும் இயற்பியலாளரும் ஆவார். மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தவர். மின்பகுப்பு விதிகளை வகுத்தவரும், பென்சீனை முதன்முதலாகப் பிரித்தெடுத்தவரும், காந்தம் ஒளியைப் பாதிக்கும் என்பதைச் செய்முறையில் காட்டியவரும் இவரே. மின் நிலையங்களில் உள்ள மின்னாக்கிகளும், தெருமுனையில் நிற்கும் மின்மாற்றிகளும் இவர் 1831 ஆம் ஆண்டில் கண்டறிந்த விளைவைக் கொண்டே இயங்குகின்றன. மின்தேக்குத்திறனின் அலகான பாரட் இவரது பெயரால் வழங்கப்படுகின்றது.

பாரடே பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். பள்ளிக் கல்வியும் எழுதவும் படிக்கவும் கணக்குப் போடவும் கற்றுக்கொண்ட அளவிலேயே நின்றுவிட்டது. உயர்கணிதம் அவருக்கு வாழ்நாள் முழுவதும் கைவரவில்லை. இத்தகைய ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த செய்முறை அறிவியலாளராக ஆனதற்கு அவரது மேதைமையையும் நல்வாய்ப்பையும் காரணமாகக் கூறுவது வழக்கம். ஆனால் அவரது 14 வயது முதல் 21 வயது வரையிலான ஆண்டுகளை உற்று நோக்கினால், பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்த பழக்கங்கள் ஏறத்தாழ அனைத்தும் அப்போதே உருவாகிவிட்டதைக் காணலாம்.

இளமைக் காலம்

பாரடே இலண்டனுக்குத் தெற்கே இருந்த நியூயிங்டன் பட்சு என்னும் இடத்தில் பிறந்தார். தந்தை ஜேம்சு பாரடே ஒரு கொல்லர். இங்கிலாந்தின் வடக்கிலுள்ள வெசுட்மோர்லாந்துப் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி இலண்டனுக்கு வந்தவர். தாயார் பெயர் மார்கரெட். நான்கு பிள்ளைகளில் பாரடே மூன்றாமவர். தந்தை அடிக்கடி நோய்வாய்ப்பட்டதால் குடும்பத்தில் வறுமை நிலவியது. 1801 ஆம் ஆண்டில் தானிய விலை மிகவும் உயர்ந்திருந்தபோது, சிறுவன் மைக்கேலுக்கு ஒரு வாரத்திற்கு ஒரு ரொட்டி என அளந்து கொடுக்கப்பட்டதாகக் கூறப்படுகின்றது. இவரது குடும்பத்தினர் சாண்டிமேனியர் என்னும் சிறிய கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். எளிமையான வாழ்வை வலியுறுத்திய அப்பிரிவில் பாரடே இறுதிவரை பற்றுடன் இருந்தார்.

1804 ஆம் ஆண்டில், 13 வயதில், பிளாண்டுபோர்டு தெருவில் இருந்த சியார்ச்சு ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் ஏவல் சிறுவனாகச் சேர்ந்தார். அக்காலத்தில் செய்தித்தாளின் விலை அதிகம். ஆகவே ஒரே தாளைப் பல வீடுகள் வாடகைக்கு எடுத்துப் படிப்பது வழக்கமாக இருந்தது. அத்தாள்களை ஒரு வீட்டில் கொடுத்து, படித்து முடித்ததும் வாங்கி அடுத்த வீட்டில் சேர்ப்பது சிறுவனின் வேலை. ஓராண்டு கழித்து, 1805 அக்டோபரில், ரீபோ அவரை ஏழு ஆண்டுகளுக்குப் புத்தக பைண்டிங் தொழில் பழகுபவராக ஏற்றுக்கொண்டார். தொழில் கற்றுக்கொள்ளச் சேருபவர்கள் முதலாளிக்குப் பணம் கட்டவேண்டும் என்பது அன்றைய வழக்கம். ஆயினும் ரீபோ இச்சிறுவனிடம் பணம் எதுவும் பெற்றுக்கொள்ளவில்லை.

பைண்டிங் கடையில் பெற்ற கல்வி

பைண்டிங் செய்ய வந்த நூல்களைப் பாரடே வேலை நேரம் முடிந்தபின் படிக்கலானார். அவற்றுள் இரண்டு அவரது வாழ்க்கையில் முக்கிய இடம் பெற்றன. ஒன்று பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்தில் இருந்த மின்சாரம் பற்றிய நீண்ட கட்டுரை. மற்றொன்று சேன் மார்செட் என்னும் பெண்மணி வேதியியலை உரையாடல் வடிவில் எளிமையாக விளக்கி எழுதிய நூல். நூலில் உள்ளதை அப்படியே நம்பிவிடாமல், தம் கைக்காசுக்கு ஏற்ற சிறு செய்முறைகளைச் செய்து சரிபார்க்கும் வழக்கத்தை அவர் அப்போதே கைக்கொண்டார். நிலைமின் பொறி ஒன்றையும் தாமே செய்து பார்த்தார். ரீபோவும் இதற்குத் தடை சொல்லவில்லை. மாறாக, கடைக்கு வரும் வாடிக்கையாளர்களிடம் சிறுவனின் முயற்சிகளைப் பெருமையுடன் காட்டி வந்தார். ஒரு முதலாளியின் இந்தப் பெருந்தன்மைக்கு அறிவியல் வரலாறு கடன்பட்டுள்ளது என்றே சொல்லவேண்டும்.

ஐசக் வாட்சு என்பவர் மனத்தைப் பண்படுத்துவது பற்றி எழுதிய நூல் ஒன்றும் அக்காலத்தில் அவருக்குக் கிடைத்தது. படித்ததைக் குறிப்பெடுத்தல், சொற்பொழிவுகளைக் கேட்டல், நண்பர்களுடன் கடிதம் வழியாகக் கருத்துப் பரிமாறுதல், சொல்லின் பொருளை ஐயமறத் தெரிந்துகொண்ட பின்னரே பயன்படுத்துதல் ஆகியவற்றை அந்நூல் பரிந்துரைத்தது. இத்தகைய அறிவுரைகளைப் படிப்பவர் பலர்; கடைப்பிடிப்பவர் சிலர். பாரடே ஒவ்வொன்றையும் செயலில் காட்டத் தொடங்கினார். 1809 ஆம் ஆண்டில் ஒரு குறிப்பேடு தொடங்கி, செய்தித்தாள்களிலும் நூல்களிலும் கண்ட அறிவியல் செய்திகளை அதில் எழுதி வைத்தார்.

1810 ஆம் ஆண்டில் சான் டாட்டம் என்பவர் தமது வீட்டில் நடத்திய அறிவியல் சொற்பொழிவுகளுக்குப் பாரடே செல்லத் தொடங்கினார். ஒரு சொற்பொழிவுக்குக் கட்டணம் ஒரு சில்லிங். கொல்லராகப் பணிபுரிந்த அண்ணன் இராபர்ட் அக்கட்டணத்தைக் கொடுத்துதவினார். அவ்வாண்டிலேயே தந்தை இறந்தார் என்பதை நினைவிற்கொண்டால் அந்த ஒரு சில்லிங்கின் மதிப்பு விளங்கும். சொற்பொழிவில் காட்டப்படும் கருவிகளைப் படமாக வரைய விரும்பிய பாரடே, ரீபோவின் வீட்டில் தங்கியிருந்த மசுக்கேரியர் என்னும் ஓவியரிடம் தொலைவுத் தோற்றம் அமைய வரையும் முறையைக் கற்றுக்கொண்டார். அதற்குக் கைம்மாறாக ஓவியரின் அறையைத் துப்புரவு செய்து கொடுத்தார். சொற்பொழிவுகளின் குறிப்புகளைச் செம்மையாகப் படி எடுத்து, படங்கள் சேர்த்து, தம் கையாலேயே பைண்டிங் செய்தார்.

இக்குறிப்பேடுகளே அவருக்கு அடுத்த கதவைத் திறந்தன. ரீபோ அவற்றைத் தம் கடைக்கு வந்த வில்லியம் டான்சு என்பவருக்குக் காட்டினார். டான்சு இராயல் நிறுவனத்துடன் தொடர்புடையவர். அந்நிறுவனம் இலண்டனின் ஆல்பெமார்ல் தெருவில் 1799 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அறிவியல் அமைப்பாகும். அங்கு சர் அம்ப்ரி டேவி நிகழ்த்திய வேதியியல் சொற்பொழிவுகளுக்கு இலண்டனின் செல்வர்களும் சீமாட்டிகளும் திரண்டு வந்தனர். மின்பகுப்பின் மூலம் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் பிரித்தெடுத்த டேவி அன்று ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்றிருந்தார். டான்சு கொடுத்த நுழைவுச்சீட்டுகளைக் கொண்டு பாரடே 1812 ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நடைபெற்ற டேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டார். வழக்கம்போல் குறிப்பெடுத்தார், வழக்கம்போல் படம் வரைந்தார்.

அவ்வாண்டு சூலையில் அவர் செய்த ஒரு மின்கல அடுக்கு பற்றி நண்பர் பெஞ்சமின் அபட்டுக்கு எழுதிய கடிதத்தில் விவரங்கள் உள்ளன. ஏழு அரைப்பென்னிச் செப்பு நாணயங்கள், அதே அளவில் வெட்டிய ஏழு துத்தநாகத் தகடுகள், இடையிடையே உப்பு நீரில் நனைத்த ஆறு தாள்கள் ஆகியவையே அதன் பாகங்கள். இந்த எளிய அடுக்கினால் மக்னீசியம் சல்பேட்டைச் சிதைக்க முடிந்தது. இருபது ஆண்டுகள் கழித்து அவர் வகுக்கவிருந்த மின்பகுப்பு விதிகளின் முதல் அடி இந்நாணயங்களின் மேல்தான் வைக்கப்பட்டது எனலாம்.

இராயல் நிறுவனத்தில் நுழைதல்

1812 அக்டோபரில் தொழிற்பயிற்சிக் காலம் முடிவடைந்தது. பாரடே வேறொரு முதலாளியிடம் கூலிக்குப் பைண்டிங் செய்யச் சென்றார். அறிவியல் பணி எதுவாயினும் செய்யத் தயார் எனக் குறிப்பிட்டு இராயல் கழகத்தின் தலைவராயிருந்த சர் சோசப் பேங்சு அவர்களுக்கு முன்னரே ஒரு கடிதம் எழுதியிருந்தார். அதற்குப் பதில் வரவில்லை.

இந்நிலையில் ஆய்வகத்தில் ஏற்பட்ட வெடிவிபத்து ஒன்றில் டேவியின் கண்ணில் காயம் ஏற்பட்டது. சில நாட்களுக்கு எழுத்துப்பணி செய்ய ஆள் தேவைப்பட்டபோது பாரடே அப்பணிக்குச் சென்றார். பணி முடிந்தபின், டிசம்பர் மாதத்தில், டேவியின் சொற்பொழிவுகளில் எடுத்த குறிப்புகளை 300க்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட ஒரு நூலாகக் கட்டி, வேலை கேட்டு எழுதிய கடிதத்துடன் டேவிக்கே அனுப்பி வைத்தார். டேவி அன்புடன் பதில் எழுதினார். 1813 சனவரியில் நேரில் வரச்சொல்லியும் பேசினார். ஆனால் அப்போது காலிப்பணியிடம் இல்லை. பைண்டிங் தொழிலைக் கைவிடவேண்டாம் என்றே டேவி அறிவுரை கூறினார்.

அடுத்த மாதம், ஆய்வக உதவியாளர் ஒருவர் கருவி செய்பவருடன் கைகலப்பில் ஈடுபட்டு வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 1813 மார்ச் 1 ஆம் நாள் பாரடே அவ்விடத்தில் அமர்த்தப்பட்டார். வாரச் சம்பளத்துடன், கட்டடத்தின் மேல்மாடியில் இரண்டு அறைகளும் விறகும் மெழுகுவர்த்தியும் அவருக்கு வழங்கப்பட்டன. கைகலப்பு நடந்தது தற்செயல். ஆனால் அதற்கு முன்பே கையெழுத்தும் படமும் பைண்டிங்குமாக ஒரு நூல் டேவியின் மேசையில் இருந்தது.

ஐரோப்பியப் பயணம்

1813 அக்டோபரில் டேவி தம் மனைவியுடன் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது பாரடேயையும் உதவியாளராக அழைத்துச் சென்றார். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. நெப்போலியனின் தனி அனுமதியின் பேரில் அவர்கள் பாரிசு சென்றனர். புறப்படும் நேரத்தில் டேவியின் பணியாள் வர மறுத்துவிட்டதால், வேறு ஆள் கிடைக்கும் வரை அவ்வேலையையும் பாரடே செய்யவேண்டியதாயிற்று. வேறு ஆள் கடைசிவரை கிடைக்கவில்லை. டேவியின் மனைவி இவரை வேலைக்காரராகவே நடத்தினார். மனம் நொந்த பாரடே, எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பைண்டிங் தொழிலுக்கே திரும்பிவிடலாமா என எண்ணியதாக அவரது கடிதங்களிலிருந்து தெரிகின்றது.

எனினும் அப்பயணம் அவருக்கு ஒரு பல்கலைக்கழகமாக அமைந்தது. பாரிசில் ஆம்பியரைச் சந்தித்தார். அப்போது புதிதாக அறியப்பட்டிருந்த ஊதா நிற ஆவி தரும் பொருளை டேவி ஆராய்ந்து, அது தனிமமே எனக் காட்டியபோது (இன்றைய அயோடின்) உடனிருந்தார். புளோரன்சு நகரில் பெரிய வில்லையால் சூரிய ஒளியைக் குவித்து வைரத்தை எரித்த செய்முறையில் பங்கு பெற்றார். மிலான் நகரில் முதியவரான வோல்ட்டாவைக் கண்டார். வெசூவியசு எரிமலையில் ஏறினார். பிரெஞ்சும் இத்தாலியமும் ஓரளவு கற்றுக்கொண்டார். 1815 ஏப்ரலில் இலண்டன் திரும்பினார்.

படிப்படியான வளர்ச்சி

அடுத்த ஐந்தாண்டுகளில் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. வாழ்க்கை வரலாற்று நூல்களில் இக்காலம் விரைவாகக் கடந்து செல்லப்படுவது வழக்கம். ஆனால் கற்கும் நிலையில் உள்ளோர் கவனிக்கவேண்டிய காலம் இதுவே. 1816 ஆம் ஆண்டில் அவரது முதல் ஆய்வுக் குறிப்பு வெளிவந்தது. அது இத்தாலியின் தசுக்கனிப் பகுதியிலிருந்து வந்த ஒரு சுண்ணாம்பு மாதிரியின் வேதியியல் பகுப்பாய்வு மட்டுமே. நீர், களிமண், உலோகம் என யார் எதைக் கொண்டு வந்து கொடுத்தாலும் பகுத்தாய்ந்து கொடுத்தார். இவ்வாறே பிழையின்றி அளக்கும் திறன் அவர் கையில் படிந்தது.

சொற்பொழிவாற்றும் கலையையும் அவர் இதே முறையில் கற்றார். 1813 ஆம் ஆண்டிலேயே, பிறருடைய சொற்பொழிவுகளில் உதவியாளராக நிற்கும்போது, அவர்களின் குரல், நடை, மேசையில் கருவிகள் வைக்கப்படும் விதம், அரங்கின் காற்றோட்டம் ஆகியவற்றைக் கவனித்து அபட்டுக்கு நீண்ட கடிதங்கள் எழுதினார். 1816 சனவரியில் டாட்டத்தின் வீட்டில் கூடிய நகர மெய்யியல் கழகத்தில் தாமே பேசத் தொடங்கினார். 1818 ஆம் ஆண்டில் பெஞ்சமின் சுமார்ட் என்பவரிடம் பேச்சுப் பயிற்சியும் பெற்றார். பிற்காலத்தில் 1825 ஆம் ஆண்டு அளவில் அவர் தொடங்கிவைத்த வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகளும், சிறுவர்களுக்கான கிறித்துமசு சொற்பொழிவுகளும் இலண்டனில் பெரும்புகழ் பெற்றன. கிறித்துமசு சொற்பொழிவுத் தொடர்களில் 19 தொடர்களைப் பாரடே தாமே நிகழ்த்தினார். அவற்றுள் மெழுகுவர்த்தியின் வேதியியல் பற்றிய தொடர் 1861 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்து பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது.

1821 ஆம் ஆண்டு சூன் 12 ஆம் நாள் சாரா பெர்னார்டு என்பவரை மணந்தார். இவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. இருவரும் இராயல் நிறுவனத்தின் மேல்மாடியிலேயே பல ஆண்டுகள் வாழ்ந்தனர்.

மின்காந்தச் சுழற்சி

மின்னோட்டம் பாயும் கம்பிக்கு அருகில் காந்த ஊசி திரும்புகிறது என்பதை டென்மார்க்கைச் சேர்ந்த ஏர்சுடெட் 1820 ஆம் ஆண்டில் அறிவித்தார். ஐரோப்பா எங்கும் இது பற்றிப் பல கட்டுரைகள் வெளிவந்து குழப்பம் நிலவியதால், அவற்றைத் தொகுத்து ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தருமாறு ரிச்சர்டு பிலிப்சு என்னும் இதழாசிரியர் பாரடேயைக் கேட்டுக்கொண்டார். தொகுப்புக் கட்டுரைதானே என்று எண்ணாமல், அவற்றில் கூறப்பட்ட செய்முறைகளை ஒவ்வொன்றாகத் தாமே மீண்டும் செய்து பார்த்தார் பாரடே. பைண்டிங் கடையில் பழகிய அதே முறை. இதன்போது 1821 செப்டம்பர் 3, 4 ஆகிய நாட்களில், பாதரசத்தில் முனை தோயுமாறு தொங்கவிடப்பட்ட கம்பி ஒன்று, மின்னோட்டம் பாயும்போது காந்தத்தைச் சுற்றித் தொடர்ந்து சுழல்வதைக் கண்டார். மின்னாற்றலைச் சுழற்சியாக மாற்றிய முதற் கருவி இதுவாகும். மின்னோடியின் மூதாதை எனலாம்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. வில்லியம் வொல்லாசுட்டன் என்னும் மூத்த அறிவியலாளர் அவ்வாண்டின் முற்பகுதியில் வேறொரு வகைச் சுழற்சியைப் பெற முயன்று வெற்றி பெறாமல் இருந்தார். அவர் பெயரைக் குறிப்பிடாமல் பாரடே அவசரமாகக் கட்டுரையை வெளியிட்டதால், பிறர் கருத்தைத் திருடியதாகப் பேச்சு எழுந்தது. 1823 ஆம் ஆண்டில் பாரடே குளோரினை நீர்மமாக்கியபோது டேவியும் அதில் தமக்குப் பங்குண்டு என எழுதினார். இராயல் கழக உறுப்பினராகப் பாரடேயின் பெயர் முன்மொழியப்பட்டபோது, கழகத் தலைவராயிருந்த டேவி அதனை எதிர்த்தார். ஆயினும் 1824 சனவரியில், ஒரேயொரு எதிர் வாக்கு மட்டும் விழுந்த நிலையில், பாரடே உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். டேவியைப் பற்றி அவர் பின்னாளில் குறைகூறிப் பேசியதில்லை. ஆனால் தமது கண்டுபிடிப்புகளின் நாளை உறுதிப்படுத்துவதில் மிகுந்த கவனம் கொள்ளலானார். 1832 மார்ச்சில், காந்த விளைவு பரவுவதற்குக் காலம் தேவைப்படும் என்ற தம் கருத்தை எழுதி முத்திரையிட்டு இராயல் கழகத்தில் ஒப்படைத்தார். அவ்வுறை 1937 ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது.

1825 ஆம் ஆண்டில் ஆய்வகத்தின் இயக்குநரானார். அதே ஆண்டில் விளக்கு வாயுவை அழுத்தும்போது எஞ்சிய எண்ணெயிலிருந்து பென்சீனைப் பிரித்தெடுத்தார்.

வீணானதாகக் கருதப்பட்ட கண்ணாடிப் பணி

தொலைநோக்கிகளுக்கான நல்ல கண்ணாடியைச் செய்யும் முறையைக் கண்டறிய இராயல் கழகம் 1825 ஆம் ஆண்டு ஒரு குழு அமைத்தது. பாரடேயும் அதில் இடம்பெற்றார். இராயல் நிறுவனத்தில் உலை ஒன்று கட்டப்பட்டது. உலையைக் கவனிக்க ஓய்வுபெற்ற படைவீரர் ஆண்டர்சன் என்பவர் 1827 இல் வேலைக்கு அமர்த்தப்பட்டார். ஆறு ஆண்டுகளுக்கு இப்பணி பாரடேயின் பெரும்பகுதி நேரத்தை விழுங்கியது. எதிர்பார்த்த பயன் கிடைக்கவில்லை. 1831 ஆம் ஆண்டில் இப்பணியிலிருந்து விலகிக்கொண்டார். எஞ்சியது ஈயம் கலந்த, எடை மிகுந்த சில கண்ணாடித் துண்டுகளே. இத்துண்டுகள் பற்றிக் கீழே மீண்டும் காணலாம்.

மின்காந்தத் தூண்டல்

மின்சாரத்திலிருந்து காந்தம் கிடைக்குமாயின் காந்தத்திலிருந்து மின்சாரமும் கிடைக்கவேண்டும் என்ற எண்ணம் பாரடேயின் குறிப்பேட்டில் 1822 ஆம் ஆண்டு அளவிலேயே காணப்படுகின்றது. 1825 ஆம் ஆண்டில் முயன்றார், பலனில்லை. 1828 ஆம் ஆண்டில் முயன்றார், அப்போதும் பலனில்லை. இத்தோல்விகள் அனைத்தையும் நாளிட்டு எழுதி வைத்தார்.

1831 ஆகஸ்ட் 29 ஆம் நாள், ஏறத்தாழ ஆறு அங்குல வெளிவிட்டம் கொண்ட மெல்லிரும்பு வளையம் ஒன்றை எடுத்துக்கொண்டார். அதன் ஒரு பாதியில் ஒரு கம்பிச்சுருளையும் மறு பாதியில் மற்றொரு கம்பிச்சுருளையும் சுற்றியிருந்தார். காப்புறையிட்ட கம்பி கடையில் கிடைக்காத காலம் அது. ஆகையால் கம்பிச் சுற்றுகள் ஒன்றையொன்று தொடாதிருக்க இடையில் சணல் நூலும், அடுக்குகளுக்கு நடுவில் பருத்தித் துணியும் வைத்துப் பொறுமையாகச் சுற்றவேண்டியிருந்தது. நூலும் துணியும் ஏழாண்டுகள் பழகிய கைகளுக்கு இது புதிய வேலையன்று.

ஒரு சுருளை மின்கல அடுக்குடன் இணைத்தபோது, மறு சுருளுடன் இணைந்திருந்த காந்த ஊசி ஒருமுறை அசைந்து பின் பழைய நிலைக்கே வந்து நின்றது. மின்னிணைப்பைத் துண்டித்தபோது எதிர்த்திசையில் மீண்டும் ஒருமுறை அசைந்தது. மின்னோட்டம் சீராகப் பாயும் நேரம் முழுவதும் ஊசியில் அசைவே இல்லை. முந்தைய முயற்சிகள் தோற்றதன் காரணம் இங்கு விளங்குகின்றது. நிலையான காந்தம் நிலையான மின்னோட்டத்தைத் தரும் என்றே அனைவரும் எதிர்பார்த்தனர். உண்மையில் காந்தப்புலம் மாறும்போது மட்டுமே மின்னோட்டம் தூண்டப்படுகின்றது. கணநேர அசைவைக் கருவியின் குறைபாடு என ஒதுக்காமல் அதையே பற்றிக்கொண்டது பாரடேயின் சிறப்பு.

பின்னர் பத்து நாட்கள் அளவே ஆய்வு செய்து முழு விளைவையும் அவர் வெளிக்கொணர்ந்தார். அக்டோபர் 17 ஆம் நாள் கம்பிச்சுருளுக்குள் சட்டக்காந்தத்தைச் செருகியும் வெளியே இழுத்தும் மின்னோட்டத்தைப் பெற்றார். அக்டோபர் 28 ஆம் நாள் இராயல் கழகத்தின் பெரிய காந்தத்தின் முனைகளுக்கிடையே செப்புத் தட்டு ஒன்றைச் சுழற்றித் தொடர்ச்சியான மின்னோட்டத்தைப் பெற்றார். இதுவே முதல் மின்னாக்கி ஆகும். ஆகஸ்ட் மாதத்து வளையம் முதல் மின்மாற்றி ஆகும். நவம்பர் 24 ஆம் நாள் இவை இராயல் கழகத்தில் படிக்கப்பட்டன. அமெரிக்காவில் சோசப் என்றி இதே விளைவைத் தனியே கண்டறிந்திருந்தார். ஆனால் அவரது கட்டுரை 1832 ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது.

மின்பகுப்பும் பிற ஆய்வுகளும்

1833, 1834 ஆம் ஆண்டுகளில் மின்பகுப்பு விதிகளை வகுத்தார். மின்முனையில் வெளிப்படும் பொருளின் நிறை, பாய்ந்த மின்னூட்டத்தின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது முதல் விதி. ஒரே அளவு மின்னூட்டத்தால் வெளிப்படும் வெவ்வேறு பொருட்களின் நிறைகள் அவற்றின் சமான எடைகளின் விகிதத்தில் இருக்கும் என்பது இரண்டாம் விதி. மின்முனை, அயனி, மின்பகுபொருள் ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்கள் பாரடே கேம்பிரிட்சு அறிஞர் வில்லியம் ஃகியூவெல் முதலியோரைக் கலந்தாலோசித்து உருவாக்கியவையாகும். 1836 ஆம் ஆண்டில், மின்னூட்டம் பெற்ற உலோகக் கூண்டின் உட்புறத்தில் மின்விளைவு இராது என்பதைத் தாமே ஒரு பெரிய கூண்டினுள் அமர்ந்து காட்டினார். இது பாரடே கூண்டு எனப்படுகின்றது. அவ்வாண்டு முதல் 1865 வரை கலங்கரை விளக்கங்களைப் பேணும் டிரினிட்டி அவுசு அமைப்பின் அறிவியல் ஆலோசகராகவும் இருந்தார்.

1830களின் இறுதியில் அவரது உடல்நிலை குன்றியது. தலைச்சுற்றலும் மறதியும் வருத்தின. சில ஆண்டுகள் ஆய்வைப் பெரிதும் நிறுத்திவைத்து, 1841 இல் சுவிட்சர்லாந்து சென்று ஓய்வெடுத்தார்.

காந்தமும் ஒளியும்

ஓய்வுக்குப் பின் திரும்பிய பாரடே, மின்சாரமும் காந்தமும் ஒளியுடன் தொடர்புடையனவா என ஆராயத் தொடங்கினார். ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளி தளவிளைவுற்ற ஒளி எனப்படும். அத்தகைய ஒளியைப் பல வகைப் பொருட்களின் ஊடாகச் செலுத்தி, அருகில் வலிமையான மின்காந்தத்தை வைத்துப் பார்த்தார். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் தோற்றன. இறுதியில், 1845 செப்டம்பர் 13 ஆம் நாள், பழைய கண்ணாடிப் பணியில் எஞ்சிய ஈயக் கண்ணாடித் துண்டை எடுத்து வைத்தார். காந்தத்தை இயக்கியதும் ஒளியின் அதிர்வுத் தளம் திரும்பியது. இது பாரடே விளைவு எனப்படுகின்றது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பயனற்றதென ஒதுக்கப்பட்ட கண்ணாடி, ஒளிக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவின் முதல் சான்றைத் தந்தது. அதே கண்ணாடியைக் காந்தமுனைகளுக்கிடையே தொங்கவிட்டபோது அது காந்தத்தால் விலக்கப்படுவதையும் சில வாரங்களில் கண்டார். இதிலிருந்து டயாகாந்தப் பண்பு பற்றிய ஆய்வு தொடங்கியது.

இரும்புத்தூள் காந்தத்தைச் சுற்றி அமையும் கோடுகளைக் கொண்டு, வெற்றிடத்திலும் விசைக்கோடுகள் உண்டு என்ற கருத்தைப் பாரடே வளர்த்தெடுத்தார். கணிதச் சமன்பாடு இல்லாத இக்கருத்தை அக்காலத்து இயற்பியலாளர் பலர் பொருட்படுத்தவில்லை. 1850களில் சேம்சு கிளார்க் மாக்சுவெல் அதற்குக் கணித வடிவம் கொடுக்கத் தொடங்கியபோதே அதன் ஆழம் உலகுக்குத் தெரிந்தது.

குறிப்பேடுகள்

1832 ஆகஸ்ட் முதல் பாரடே தம் ஆய்வகக் குறிப்புகளின் பத்திகளுக்குத் தொடர் எண் இடத் தொடங்கினார். அவ்வெண் 1860 ஆம் ஆண்டில் 16,041 வரை சென்றது. வெற்றி பெற்ற செய்முறையும் தோற்ற செய்முறையும் ஒரே விதமாகப் பதிவாகியுள்ளன. பின்னர் வரும் பத்திகளில் முந்தைய பத்திகளின் எண்களைச் சுட்டி எழுதும் முறையையும் அவர் கையாண்டார். நினைவாற்றல் குன்றிய பின்னரும் ஆய்வைத் தொடர முடிந்ததற்கு இந்த எண்களே பெரிதும் துணைபுரிந்தன எனக் கருத இடமுண்டு. இக்குறிப்பேடுகள் 1932 முதல் 1936 வரை ஏழு தொகுதிகளாக அச்சிடப்பட்டன. டேவிக்கு அனுப்பிய பைண்டிங் செய்யப்பட்ட நூல் இராயல் நிறுவனத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றது.

இறுதிக் காலம்

இராயல் கழகத்தின் தலைவர் பதவி தேடி வந்தபோது பாரடே ஏற்க மறுத்தார். 1858 ஆம் ஆண்டில் விக்டோரியா அரசியார் ஆம்ப்டன் கோர்ட்டில் ஒரு வீட்டை அவருக்கு வாழ்நாள் முழுவதும் தங்குவதற்கு வழங்கினார். 1862 மார்ச்சில் தமது கடைசிச் செய்முறையைச் செய்தார். சுடரிலிருந்து வரும் ஒளியின் நிறமாலைக் கோடுகளைக் காந்தம் மாற்றுமா என்பதே கேள்வி. அன்றைய கருவிகளுக்கு மாற்றம் எதுவும் புலப்படவில்லை. அதையும் எழுதி வைத்தார். அம்முயற்சி பற்றிப் படித்தறிந்த நெதர்லாந்து இயற்பியலாளர் பீட்டர் சீமன் 1896 ஆம் ஆண்டில் மேம்பட்ட கருவிகளைக் கொண்டு அதே செய்முறையைச் செய்தபோது கோடுகள் அகன்றன. இதற்காக லாரன்சுடன் இணைந்து 1902 ஆம் ஆண்டின் நோபல் பரிசைச் சீமன் பெற்றார்.

பாரடே 1867 ஆகஸ்ட் 25 ஆம் நாள் ஆம்ப்டன் கோர்ட் இல்லத்தில் காலமானார். இலண்டன் ஐகேட் கல்லறைத் தோட்டத்தில் எளிய முறையில் அடக்கம் செய்யப்பட்டார். 1991 முதல் 2001 வரை புழக்கத்தில் இருந்த இங்கிலாந்து வங்கியின் 20 பவுண்டு தாளில் இவர் இராயல் நிறுவனத்தில் சொற்பொழிவாற்றும் காட்சி இடம்பெற்றிருந்தது.